மணிக்கட்டில் இருக்கும் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா நலம். நான் முக்கால்வாசி நலம், மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன். போனில் துண்டு துண்டாகத் தட்டினால் பாதியிலேயே பதில் போட்டுவிடுவாய், முழுதும் படி.

நீ கடைசியாக அனுப்பிய செய்தியை அப்பா இரண்டு முறை படித்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார். என் பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கிற, இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடும்மா என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு மூன்று வாரமாக நீ வீடியோவில் வரவில்லை. கோபம் நியாயம்தான். காது கேட்காத எங்கள் இருவருக்கும் கைதானே வாய். அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனை அணைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அன்றைக்கே இரண்டு கையாலும் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்குகிறவள் இல்லையடி நான். கை மடியில் கிடந்ததற்குக் காரணம் வேறு. வலது மணிக்கட்டு வீங்கி எட்டு மாதம் ஆகிறது.

சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து வந்த சுளுக்கு என்று முதலில் தைலம் தேய்த்தேன். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, பல் தேய்க்கக்கூட முடியாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடக்குவாதத்துக்கான இரண்டு சோதனையிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் சுத்தமா இருக்கே, அப்புறம் என்ன என்று முதலாளியம்மா ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினார். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் நீயும் ரிப்போர்ட்டைக் காட்டு என்பாயோ என்று பயந்தேன். பெற்ற மகளிடம் பொய்க்காரி ஆக எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் அப்பா என்னை ஒரு மூட்டு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் காகிதத்தைப் பார்க்கும் முன் என் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார். முடக்குவாதம்தான், ரத்தத்தில் தடயம் காட்டாத வகை, பலருக்கு இப்படி உண்டு, ரத்தம் சொல்லாததால் வலி பொய்யாகிவிடாது என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருக்கிறேன். முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு என்னைத் துணி பிரிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்.

மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் விபரீதமாகிவிடுமாம். அதனால் அப்பா காலண்டரில் திங்கட்கிழமைகளை வட்டமிட்டுக் காவல் காக்கிறார். கல்லீரலுக்காக அவ்வப்போது ரத்தச் சோதனை உண்டு. காலையில் வெந்நீரில் கை, வேலை நேரத்தில் மணிக்கட்டுக்குப் பட்டை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். நான் ஒரு கையால் சண்டை போடுவதால் இப்போதெல்லாம் அப்பாதான் ஜெயிக்கிறார். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

பெயருக்கு வருகிறேன். தவழும் வயதில் கண்ணில் பட்ட டப்பா மூடியையெல்லாம் திருகுவாய். அதனால்தான் மணிக்கட்டை இரண்டு தரம் திருகினால் நீ என்று சைகையில் பெயர் வைத்தோம். அந்தத் திருகல்தான் எனக்கு முடியாமல் போயிற்று. மற்றதையெல்லாம் அரைகுறையாகச் சொல்லி ஒப்பேற்றலாம், பாதித் திருகல் உன் பெயர் ஆகாது. இடது கையால் சொல்லேன் என்றார் அப்பா. செய்து பார்த்தேன். யாரோ வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலிருந்தது. அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. பத்து மணிக்கு மேல் வா, அதற்குள் கை இளகிவிடும். நேற்று வெந்நீரிலிருந்து கையை எடுத்ததும் ஒரு தரம் திருகியது. இன்னொரு தரம் நீ பார்க்கும்போது முயல்கிறேன். எனக்குத் திருக வராவிட்டால் நீயே உன் பெயரைச் சொல்லிக் காட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் அம்மா