பையில்லாத விலங்கும் கொண்டைக் கழுகும்

புத்தகம் என் மேசையில் கிடக்கிறது. அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. போன வாரம் வெள்ளவத்தைக் கடையொன்றில் இதைப் புரட்டியபோது, நீ வரைந்த கொண்டைக் கழுகு என்னைப் பார்த்தது. எதிர்ப்பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும், கங்காருவின் தூரத்து உறவான தென்னமெரிக்க எலி ஒப்போசம். அட்டையில் நாம் வகுப்பெடுத்த டியூட்டரியின் உரிமையாளனின் பெயர்.

கொட்டாஞ்சேனையில் நாம் விலங்கியல் படிப்பித்த நாள்களில், மதிய இடைவேளைகளில்தான் இவற்றை வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினாய்.

"எடி, கழுகுக்கு ஒரேயொரு முட்டை. இதுக்குப் பத்துக் குட்டி, பையும் இல்லை. வயித்திலை தொங்கவிட்டுக்கொண்டே மரம் ஏறும். ஆர் கெட்டிக்காரி, சொல்லு?"

"கழுகுதான்" என்றேன்.

"நீ பிள்ளை பெத்திருந்தா அப்பிடிச் சொல்லமாட்டாய்."

துணைக்கு யாருமின்றி மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நீ. வத்தளை பஸ்ஸில் ஒன்றை மடியிலும் இரண்டைப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு வருவாய்.

புத்தகம் கடைக்கு வந்தபின், நேற்றுத்தான் வெளியீட்டு விழா. உன் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேள்வி நேரத்தில் எழும்பினேன்.

"சேர், இந்த ஒப்போசம் குட்டியளை எங்கை வைச்சிருக்கும்?"

"வயித்துப் பையிலை, டீச்சர். கங்காரு மாதிரி."

பதினான்காம் பக்கத்தை உரக்க வாசித்தேன்: 'இதற்குப் பை கிடையாது.'

"நீங்கள் எழுதின புத்தகம்தானே, சேர்?"

யாரோ சிரித்தார்கள். நீ முதலில் பென்சிலால் வரைந்து பார்த்து, என்னிடம் விட்டிருந்த கொப்பியை முன்வரிசைக்குக் கொடுத்தேன். "இது அம்மாட கை" என்றாள் உன் மகள். அவன் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டே இருந்தான். அதைக் கண்குளிரப் பார்த்தேன்.

பின்னேரம் போனில் அழைத்தான். "ரெண்டாம் பதிப்பிலை அவவின்ர பேரையும் போடுறன். இதோட விடுங்கோ, டீச்சர்."

"முதல்லை உங்கட பேரை எடுங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு பள்ளிக்கூடமாப் போய்ச் சொல்லுவன்."

சொன்னபடி செய்வேன். நீயாயிருந்தால் "பாவமடி, விடு" என்றிருப்பாய். என்னால் முடியாது. உன் கடைசி நாள்களில் ஆஸ்பத்திரிக்கு அவன் வந்து, "படங்களைத் தாங்கோ, உங்கட பேரிலை அச்சடிச்சுத் தாறன்" என்றபோது நீ தயங்கினாய். "நல்ல மனுசன், குடடி" என்று சொல்லி, உன் தலையணைக்கு அடியிலிருந்து படக் கோப்பினை எடுத்து அவன் கையில் கொடுத்தவள் நான்.