விலாவுக்குக் கீழே இரு கைகள்

காலையில் நீலகிரித் தைலத்தின் மூடியைத் திறந்ததும் இருமல் வந்தது. என் இரு கைகளும் தாமாக விலாவுக்குக் கீழே போய் நின்றன. எனக்கு எதற்கு? வயிறு தானே இறுகி, தானே சளியைத் தள்ளியது. அது அவ்வளவு சுலபமாக நடந்தபோது உங்களை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

நம் கிணற்றுக்கு மின்சார மோட்டார் இறக்கிய அன்று நீங்கள் உள்ளே விழுந்தீர்கள். கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். மூச்சை இழுக்க நெஞ்சுக்கு அடியிலுள்ள தசை ஒன்றுதான் மிஞ்சியது. இருமித் தள்ளும் வயிற்றுத் தசைகளுக்கு மூளையின் கட்டளை போய்ச் சேரவில்லை. நீங்கள் இருமினால் பெருமூச்சுப் போலத்தான் கேட்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் கற்றுத் தந்தார்: உள்ளங்கைகளை விலாவுக்குக் கீழே வைத்து, நீங்கள் இரும முயலும் அதே நொடியில் மேல்நோக்கி அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பயனில்லை. நான் தவறவிட்டதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

"எனக்குஞ் சேத்து நீயே இருமிப்போடு அம்மணி," என்பீர்கள், மூச்சுக்கு இரண்டு சொல்லாக நிறுத்தி நிறுத்தி.

வயிற்றுத் தசை தளர்ந்துபோனதால், படுத்திருந்தால்தான் உங்களுக்கு மூச்சு நன்றாக வரும். அது தெரிந்தும், அந்தியூரிலிருந்து உங்கள் பங்காளிகள் வந்த அன்று, தலைப்பாகை கட்டி நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒறம்பரை, விருந்தாளி என்று வந்தால் படுத்தபடியா வரவேற்பது, நம் வீட்டில்?

"படுக்க வெய்யி," என்றீர்கள் மெதுவாக.

"கொஞ்சம் பொறுங்க. காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்பீருவாங்க."

தொண்டையில் சளி கரகரத்தது. உங்கள் கண்கள் என் கைகளைத் தேடின. ஆறு ஆண்கள் பார்க்க, புருஷனின் வயிற்றில் கை வைத்து அழுத்துவதா? கான்வென்ட்டில் இருமலைக்கூடக் கைக்குட்டைக்குள் ஒளிக்கப் பழகியவள் நான். எல்லோரையும் வாசல்வரை வழியனுப்பிவிட்டுத்தான் திரும்பினேன். உங்கள் உதடு நீலமாகியிருந்தது. அழுத்தினேன். பாதிதான் வந்தது.

மாலையே காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள். இடையில் ஒருமுறை, "ஒறம்பரைக்கு... கொறையில்லாம... பண்ணிப்போட்டே," என்றீர்கள். கேலியா என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்ல உங்களிடம் மூச்சும் இல்லை.

இப்போது இந்த வீட்டில் என் இருமல் ஒன்றுதான் சத்தம். கைக்குட்டை எடுப்பதில்லை. நேற்று உங்கள் பெரிய பங்காளி வந்தார். பேச்சின் நடுவே இருமினார். என் கைகள் அவரை நோக்கி எழுந்துவிட்டன.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

கைகளை மடியில் இறக்கி வைத்தேன். அன்று இவர் முன்னால்தான் அவை எழவில்லை.