பக்கத்துத் தொகுதி

6-2-1978

அன்புள்ள பாவாவுக்கு,

வீட்டில் சுகம். ஊர்தான் சுகமாக இல்லை. பிரசவம் பார்த்த நர்சம்மா மாற்றலாகிப் போனபின் வேறு யாரும் வரவில்லை. என் தம்பி பெண்டாட்டி அம்முவுக்கு இது நிறைமாசம். "உன் வூட்டுக்காரர் எம்.எல்.ஏ.வா இருந்துகினு இன்னா பிரயோஜனம்?" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் என்னைப் பிடித்துக்கொள்கிறாள். சட்டசபை கூடியதும் கேளுங்கள்.

உங்கள் கமலா

சென்னை, 11-2-1978

அன்புள்ள கமலாவுக்கு,

தொகுதிகளைப் பிரித்தபோது நம் ஊர் பக்கத்துத் தொகுதிக்குப் போனது உனக்குத் தெரியாதா? அங்கே உறுப்பினர் வேடியப்பன். எதிர்க்கட்சிக்காரர். அவர் தொகுதிக்காக நான் கேட்டால் கட்சியில் கோபிப்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பரந்தாமன்

2-3-1978

பாவா,

அம்முவைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். வழியிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. தங்கவில்லை.

நான் கெங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு வேடியப்பன் வீட்டுக்குப் போனேன். "மெம்பர் சம்சாரமே எங்கிட்ட வந்துகீறீங்களே, அவரு இன்னா பண்றாரு?" என்றார். அம்முவின் கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "சபையில கேக்கறேம்மா" என்றார்.

அவர் பேசும்போது நீங்கள் ஆதரித்துப் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருங்கள். அது போதும்.

கமலா

சென்னை, 18-3-1978

கமலா,

பேப்பரில் பார்த்திருப்பாய். வேடியப்பன் கேட்டு முடித்ததும் எங்கள் கொறடா ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார். "நான் அந்த ஊரில் குடியிருப்பவன். அங்கே அப்படியொரு குறையே இல்லை" என்று வாசித்தேன். எங்கள் பக்கம் மேஜையைத் தட்டினார்கள். எனக்கு வேறு வழியில்லை. கூட்டத்தொடர் முடிந்ததும் வருகிறேன். அம்முவிடம் சொல்லாதே.

பரந்தாமன்

23-3-1978

பரந்தாமன் அவர்களுக்கு,

நான் சொல்லவில்லை. டீக்கடையில் உரக்கப் படித்தார்கள். தண்ணீருக்குப் போன அம்மு கேட்டுவிட்டாள். "அண்ணனா அப்பிடி சொன்னாரு, அண்ணி? வேற யாராவது இருக்கப் போறாங்க" என்கிறாள். இல்லை, நீங்கள்தான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நாளை நாங்கள் பெண்கள் எல்லோரும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறோம். நர்சம்மா வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை.

உங்கள் வேட்டி சட்டைகளைப் பெட்டியில் வைத்து என் தம்பி கஜபதியிடம் கொடுத்திருக்கிறேன். அவன் சென்னைக்கு ரயிலில் கொண்டுவருவான். உங்கள் தொகுதியிலேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்.

கமலா