காது முளைத்த நூறு ரூபாய்

இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்
12.3.94

அன்பு மகள் உபகாரமேரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடு இரண்டு, எல்லோரும் நல்ல சுகம். நாக்பூரில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் பிள்ளைகளும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு என்மேல் கோபப்படாதே, உன் அப்பாமேல் கோபப்படு. பத்து நாளாக அவர் பெரிய மனிதராகிவிட்டார், அவரைப் பார்த்துக்கொள்ளவே எனக்கு நேரம் போதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரத்துக்கு முந்தின சந்தையில் அப்பா மூட்டை இறக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வரும்போது, வெள்ளிமலைப் பக்கத்து ஆயம்மாள் பஸ் நிற்கும் இடத்தில் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். வருஷா வருஷம் புளி கொண்டுவருவாளே, அவள்தான். புளி விற்ற நூறு ரூபாய் நோட்டில் ஒரு மூலையில் மட்டும் காகிதம் கூடுதலாக முக்கோணமாக நீட்டிக்கொண்டு நின்றதாம். கள்ள நோட்டு என்று ஒரு கடையிலும் வாங்கவில்லை, புளி வாங்கின ஆளும் போய்விட்டான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, தன் கூலி நல்ல நூறை அவளிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அரிசிப் பையோடு வருவார் என்று அடுப்பில் உலை வைத்துக் காத்திருந்த என்னிடம், காது முளைத்த நோட்டை நீட்டுகிறார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தண்டனையா லீவா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மூன்றாம் நாள், அந்தக் காதை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாமல் செலவழித்துவிடலாம் என்று நான் கத்திரிக்கோலை எடுத்தேன். அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பேங்குக்குப் போய்விட்டார். அங்கே காசாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காகிதத்துக்குள்ளே சிங்கத் தலை நிழலாகத் தெரிகிறது, உள்ளே நூல் ஓடுகிறது, இரண்டு இடத்து நம்பரும் ஒன்று, நல்ல நோட்டுதான், வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றாராம். மாற்றுவதற்கு முன்னால் திருக்கோவிலூரில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் தெய்வசிகாமணியிடம் காட்டுங்கள், அவர் இப்படிப்பட்டதைச் சேர்க்கிறவர் என்றும் சொல்லியிருக்கிறார். உன் அப்பா நின்ற இடத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டார்.

தெய்வசிகாமணி ஐயா பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தாராம். சில பேர் ஏமாற்றுவதற்காகத் துண்டு ஒட்டுவார்களாம், இதில் ஒட்டின தடமே இல்லையாம். அச்சடிக்கும்போது காகிதத்தின் மூலை மடிந்து கிடந்திருக்கிறது, அதனால் அந்த இடத்தில் மட்டும் அச்சு விழவில்லை, வெட்டும் கத்தியும் அந்த மூலையில் படவில்லை. மடிப்புக் கோட்டோடு அச்சு சரியாக நிற்பதுதான் அசல் என்பதற்கு அடையாளமாம். காதை வெட்டியிருந்தால் வெறும் நூறு ரூபாய்தான் என்றாராம். இதை மட்டும் உன் அப்பா என்னிடம் நான்கு முறை சொன்னார். எண்ணூறு ரூபாய் கொடுத்து அவரே வாங்கிக்கொண்டார்.

வீடு வந்து சேருவதற்குள் அப்பா மனசுக்குள் கூரையைப் பிரித்து ஓடு போட்டு, பசுமாடு ஒன்று வாங்கி, உனக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். நானும் ஓட்டுக்குச் சரி சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டு, "அந்தம்மா கைல இருக்கற வரைக்கும் செல்லாத நோட்டு, நம்ம கைக்கு வந்தா பொக்கிஷமா? பாதி அவளுதுடி" என்றார். அவளுக்குத்தான் நல்ல நூறு கொடுத்தாயிற்றே என்று வாய்வரை வந்தது.

மறுநாள் ஜீப்பில் இரண்டு பேரும் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு எனக்குத் தலை சுற்றியது, உன் அப்பா வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் ஆயம்மாள் உள்ளே போய், துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து வந்து அப்பா கையில் வைத்தாள். அவர் கொடுத்த அதே நூறு. "வூட்ல அக்கா திட்டினாங்களா அண்ணே? கேட்டுக்கினு வருவீங்கன்னு தெரியும், அதான் செலவு பண்ணல" என்றாள். நான்கு நாளாக அந்தப் பணத்தில் உப்புகூட வாங்கவில்லையாம் மேரி. இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா அந்த நூறை அவளிடமே திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி நானூறை நீட்டினார். அவள் நம்பவில்லை. நான்கு நோட்டையும் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல காது உள்ளதா ஒண்ணு குடுத்திருக்கலாமே அண்ணே" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

நம் நானூறில் ஓடு வராது, அரிசியும் உனக்கு ஒரு புடவையும் வந்திருக்கிறது. ஈஸ்டருக்கு லீவு கேட்டாயா, இல்லை போன வருஷம் மாதிரி கேட்காமலே கிடைக்கவில்லை என்று எழுதப்போகிறாயா? அங்கே வெயில் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டேன், வேளைக்குச் சாப்பிடு, மோர் குடி. உன் கையும் காலும் சுகமாக இருந்து, நீ தொடுகிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா
இஞ்ஞாசியம்மாள்