ஆற்றோடு போகாதவர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் இடது முழங்காலை மட்டும் இந்த வரியில் சேர்க்காதே, அது தனிக் கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பேரப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். ஏழு மாதம் ஆகிவிட்டது, படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள், குளிக்கிற அறையில் வழுக்காத விரிப்பு போட்டாயா என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மாடியில் குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், போகும்போது குழாயின் திருகைக் கழற்றிக்கொண்டு போனதாக அம்மா நாலு நாள் திட்டினாள், பழுது பார்க்க வந்தவர் பார்த்துவிட்டு யாரும் கழற்றலை சார், அது ஆயுசு முடிஞ்சு தானா விழுந்திருக்கு என்றார். அம்மா திட்டை வாபஸ் வாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் பிறந்தால் எள்ளுத்தாத்தா பெயரை வைக்கப் போவதாக நாலு மாதத்துக்கு முன்பு சொன்னாய். எனக்கு எள்ளுத்தாத்தா, அதாவது என் தாத்தாவுக்குத் தாத்தா. வெள்ளத்தில் படகு ஓட்டிப் பதினோரு பேரைக் கரை சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ஆளைத் தேடிப் போய் ஆற்றோடு போனவர் என்று உன் மேனேஜர் அத்தை, அதான் என் அக்கா, சொல்லிச் சொல்லி உனக்கும் மனப்பாடம். எனக்குச் சின்ன வயதில் அவள் சொன்னபோது ஏழு பேர்தான், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டே வந்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், ஒரு எண் மாறிக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்காது. நீ பெயரைச் சொன்னதும், அவருடைய சரியான தேதிகளையாவது எடுத்து அனுப்பலாமே என்று ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, தாள் பறக்கும் என்று மின்விசிறி கிடையாது, பென்சில் தவிர எதையும் உள்ளே விடமாட்டார்கள். பொறுப்பில் இருக்கிற அம்மா தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி என்று உட்கார்ந்திருப்பார். 1868-ம் வருஷத்து இறப்புப் பதிவேட்டைக் கொடுத்தார். அந்த வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது உண்மை. ஏழு பேர் செத்திருக்கிறார்கள், ஏழு பெயரும் வரிசையாக இருக்கிறது. தாத்தா பெயர் இல்லை. நாலு தடவை படித்தேன், இல்லை. விசாரணைத் தாளில் பிழைத்த ஒரு பெண் சொன்னது இருக்கிறது, படகுக்காரர்தான் என் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார், இன்னொருத்தரையும் கொண்டுவந்தார், மறுபடியும் தண்ணீருக்குள் போனார், கடைசியில் அவரையே நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள் என்று. ஆக, கரை சேர்ந்தது பதினோரு பேர் இல்லை, இரண்டு பேர். மூன்றாவது அவரே.

அதற்குப் பிறகு மனுஷனைக் காணோம். வீட்டு வரிப் பட்டியலில் இல்லை, படகுத்துறைக் கூலிப் பட்டியலில் இல்லை, பிள்ளைகள் கல்யாணப் பதிவில் தகப்பனார் காலமானார் என்று இருக்கிறது. எந்த வருஷத்திலும் இறப்பு மட்டும் வரவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அந்தக் கண்ணாடி அம்மா, உயிரோட இருக்கிற ஆளு எந்தப் பேரேட்டுலயும் இல்லைன்னா இரண்டு இடந்தான் சார் பாக்கி, ஒண்ணு ஜெயில், இன்னொண்ணு பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றார். ஜெயிலில் இல்லை. ஆஸ்பத்திரிச் சேர்க்கைப் பதிவேட்டில் 1869 ஜனவரியில் இருந்தார். வயது 31, தொழில் படகோட்டி, பேச்சில்லை, தண்ணீரைக் கண்டால் அலறுகிறார், குடிக்கிற தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குகிறார். கொண்டுவந்து சேர்த்தவர் மனைவி. அதே புத்தகத்தின் கடைசிப் பத்தியில் 1891-ல் காய்ச்சலில் இறந்ததாக எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்திருக்கிறார்.

எள்ளுப்பாட்டி மாதாமாதம் தன் அக்கா வீட்டுக்குப் போவாள், வெயில் மழை பார்க்கமாட்டாள் என்று அத்தை சொல்வாளே, அதுவும் உனக்கு ஞாபகம் இருக்கும். பிறப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன், பாட்டி ஒரே பிள்ளை, அக்கா என்று ஒருத்தி கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் பதிவேடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியாது போலிருக்கிறது, ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள், பக்கத்தில் மனைவி என்று மட்டும் குமாஸ்தா எழுதியிருக்கிறார். மொத்தம் 241 குறிகள். வழியில் பஸ்ஸா ரயிலா, முப்பது மைல், நடந்தும் வண்டியிலும் போயிருப்பாள். பிள்ளைகளிடம் அப்பா ஆற்றோடு போய்விட்டார் என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்கப் போய்வந்திருக்கிறாள். பைத்தியக்காரன் பிள்ளைகள் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம், பதிவேட்டில் இல்லை, அப்படியே எடுத்துக்கொள். குறிகளை எண்ணி முடித்தபின் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. பெயரை வை என்றோ வைக்காதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. எந்த மனுஷருடைய பெயர் என்று தெரிந்து வை, அவ்வளவுதான்.

அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நகல்களை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, ரிட்டயர் ஆன ஆளுக்குப் பொழுது போகலைன்னா குறுக்கெழுத்துப் போட வேண்டியதுதானே, செத்தவங்களை எதுக்குடா நோண்டறே, நம்ம வம்சத்துல பைத்தியமே கிடையாது என்று சொல்லி, தேநீர்க் கோப்பையைக்கூட என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்க் கழுவப் போட்டுவிட்டாள், நான் பாதிதான் குடித்திருந்தேன். ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை. அம்மா பேசினால் என்னைப் பற்றி விசாரிக்காமலே வைத்தாள். பத்தாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டு, வணக்கம் வாழ்த்து ஒன்றும் இல்லாமல், அங்க அவருக்குச் சாப்பாடு ஒழுங்காப் போட்டாங்களாமா, அதைப் பார்த்தியா என்று கேட்டாள். மூன்று மாதமாகத் தேதியும் எண்ணும் தேடியவன், அதை நான் தேடவே இல்லை மகளே. பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். மறுநாளே போனேன். எடைப் பதிவேடு இருந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்திருக்கிறார்கள். சேர்ந்தபோது 98 ராத்தல், இரண்டாவது வருஷம் முடிகிறபோது 121, அதற்குப் பிறகு கடைசி வருஷம் வரை பெரிதாக இறங்கவில்லை. காப்பக வாசலிலிருந்தே அத்தைக்குப் போன் செய்து படித்தேன். கிலோவில் சொல்லு என்றாள். நாற்பத்து நாலரையில் இருந்து ஐம்பத்தைந்து என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டாள். அப்புறம், பரவாயில்லை, பார்த்துக்கிட்டிருக்காங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நகல்களை மாப்பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன், எழுத்து புரியாவிட்டால் கேள். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே, நேரம் விட்டுப் போடு. சிரமமில்லாமல் பிரசவம் ஆகி, பிள்ளையும் நீயும் நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை அத்தை உனக்குப் போன் செய்வாள். முழுக் கதையையும் தானே சொல்ல வேண்டுமாம், உன் அப்பனுக்கு உயிரில்லாமச் சொல்லத்தான் தெரியும் என்கிறாள். நான் எழுதிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே, முதல் தடவை கேட்பது போலக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா