ஆடிக் காற்றும் பதினாறாம் வாய்ப்பாடும்

இதனால் மேலுலகத்தில் வசிக்கும் உனக்கு அறிவிப்பது யாதெனில்: நிகழும் ஆடி மாதம் வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில், பூக்கடைகளுக்கு எதிரே, பலர் பார்த்திருக்க, அடியேனுடைய எட்டு முழ வேட்டி சைக்கிள் சங்கிலிக்குள் போய், வெளியே வரும்போது நாலு முழமும் நாலு முழமுமாக வந்தது. பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது. சாட்சிகள்: பூக்காரிகள் மூன்று பேர், ஒரு குதிரை வண்டிக்காரர், குதிரை.

மூவரில் மூத்த பூக்கார அம்மாள் சிரித்து முடித்துவிட்டு, தண்ணீரில் ஊறிக் கிடந்த வாழைநார் ஒன்றை உருவிக் கொடுத்தாள். "மிச்சம் இருக்கறதையாவது கால்ல கட்டிக்க தம்பி."

நாரைக் கையில் வாங்கியதும் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியது. நீ வந்துவிட்டாய். சைக்கிளில் ஏறுமுன் வேட்டியை வலது கணுக்காலில் சுருட்டி, வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாயே! "கல்யாணப் பொண்ணுக்குப் பின்னல் போடறியா?" என்று நான் கேட்டால், "சங்கிலிக்கு என் வேட்டியைத் திங்கக் கொடுக்கற உத்தேசம் இல்லேடா" என்பாய்.

அந்த அம்மாள் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"வேகமா ஓட்டாதே தம்பி. போன வருஷம் மேலச் சித்திரை வீதிப் பிள்ளை ஒண்ணு, முசிறி வரைக்கும் வெறி புடிச்சாப்ல மிதிச்சு, நெஞ்சு வெடிச்சுல்ல செத்துப்போச்சு."

வெறி பிடித்து! நெஞ்சு வெடித்து! நீ!

எனக்கு வந்த கோபத்தில் மீதி நாலு முழமும் கிழிந்திருக்கும். எறும்பு குறுக்கே வந்தால் மணி அடித்துவிட்டு அது கடக்கும்வரை காலை ஊன்றி நிற்கிற பேர்வழி நீ. உன்னை, மாட்டு வண்டியில் கட்டிய மாடு திரும்பிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உனக்கா வெறி? ஆடியில் முசிறி போனோம். உனக்கு ஜுரம் வந்தது புரட்டாசியில். டைபாய்டு என்று டாக்டரே சொன்னார். நடுவில் முழுசாக ஓர் ஆவணி மாதம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆவணி முழுக்க நீ நாள் தவறாமல் பள்ளிக்கூடம் வந்து என் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாய். நெஞ்சு வெடித்தவன் செய்கிற வேலையா அது?

ஊர் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதை நம்பலாமா? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. யுத்த காலத்தில், டயர் கிடைக்காத நாளில், அலைந்து திரிந்து உனக்கு அந்தப் பழைய சைக்கிளை வாங்கிக் கொடுத்தவர். இப்போது அது உங்கள் வீட்டு ரேழியில் கோணிச்சாக்கு போர்த்தி நிற்கிறது. மாமா ரயில்வே ஆபீசுக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொள்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியம்: "எமனை நானே வாங்கிக் கொடுத்தேன்." பத்து மாதம் ஓடியும் அந்த வாக்கியம் மாறவில்லை. ரயிலடிப் பக்கம் அவர் யாருடனும் பேசுவதில்லை என்கிறார்கள்.

சரி, உள்ளது உள்ளபடி சொல்கிறேன், நீயே கேள்.

நாம் இருவரும் சைக்கிள் பழகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வகுப்பில் நான், "முசிறியா? காலையில போய்ட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று அடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் கேட்காமலே நீ கடைசி பெஞ்சிலிருந்து, "நானும் வரேன்" என்றாய். அன்று சாயந்திரமே என் சைக்கிள் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தாய். "குதிகால் பெடல்ல வைக்கறப்போ முழங்கால் நேரா நிக்கணும்டா. இப்படித் தவளை மாதிரி உக்காந்தா கொள்ளிடம் தாண்டறதுக்குள்ள தொடை செத்துடும்." நீயே ஸ்பானர் வாங்கிவந்து சீட்டை ஏற்றினாய். டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, விரல் அமுங்காதவரை காற்றடித்தாய்.

விடிந்ததும் கிளம்பினோம். கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் நான் பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தேன். நீ உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. உரக்கப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாய். மீன்பிடிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"என்னடா இது அசிங்கம்?"

"வாய்ப்பாடு தடங்கல் இல்லாம வரவரைக்கும் இந்த வேகம் சரி. பதினாறேழுல மூச்சு முட்டித்துன்னா கொஞ்சம் தணிச்சுக்கணும். டேய், முசிறி எங்கேயும் ஓடிப் போயிடாது. நீ ஏன் ஓடறே?"

வாய்ப்பாட்டை உன்னோடு விட்டுவிட்டு நான் பறந்தேன். டோல்கேட் தாண்டி மேற்கே திரும்பியதும் ஆடிக் காற்று கன்னத்தில் அறைந்தது. நீ பின்னால் புள்ளியாகிப் போனாய். குணசீலத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில், உனக்காகப் பெருந்தன்மையோடு காத்திருந்தேன். பிறகு முசிறி, கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு சீப்புப் பழம். திரும்பும்போது காற்று நம் கட்சிக்கு மாறிவிட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் நம் வகுப்பே காத்திருக்க, மணி அடித்துக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தவன் நான். இது ஊரறிந்த சரித்திரம்.

இதில் உன் நெஞ்சு வெடிக்க இடம் எங்கே இருக்கிறது? இதைத்தான் பூக்கார அம்மாளிடம் கத்திவிட்டு, உன் வீட்டுக்கே போய்க் கத்துவது என்று கிளம்பினேன். கிழிந்த வேட்டியோடு, காலில் நாரோடு.

மாமா ரேழியில்தான் இருந்தார். கோணியை எடுத்துவிட்டிருந்தார். பழைய இரும்புக்காரன் மறுநாள் வருகிறானாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"வா. உன்னண்டைதான் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீதானே கூடப் போனே. அவனுக்கு நிஜமாவே அவ்வளவு மூச்சு வாங்கித்தாடா?"

"யார் சொன்னாங்க மாமா?" என்று எகிறினேன்.

"நீதானே சொன்னே? படித்துறையில நின்னுண்டு, 'பின்னாடி வரான், நாக்குத் தள்ளிடுச்சு, நெஞ்சு வெடிக்காத குறை'ன்னு. அங்கே இருந்த பசங்க அத்தனை பேரும் வந்து சொன்னாளே."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பத்து மாதமாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சரக்குக் கொடுத்தவன் நான்தான் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல், எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்து வைத்திருந்தேன்!

புளியமரத்தடியில் நான் காத்திருக்கவில்லை. விழுந்து கிடந்தேன். காலையில் தின்ற இட்லி மண்ணில் கிடந்தது. நீ பத்தொன்பதாம் வாய்ப்பாட்டோடு வந்து சேர்ந்தாய். சிரிக்கவில்லை. "புயல் ஓஞ்சாச்சா?" என்று மட்டும் கேட்டாய். வெல்லமும் தண்ணீரும் கொடுத்தாய். "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்டா" என்றாய். "இனிமே ஊரைப் பாக்காதே, மலையைப் பாக்காதே. என் பின் சக்கரத்தை மட்டும் பாரு. ஒரு முழம் தள்ளி வா. காத்தை நான் பாத்துக்கறேன்." முசிறி வரைக்கும் காற்று என்மேல் படவே இல்லை. உன் முதுகு கதவு மாதிரி அடைத்துக்கொண்டு போயிற்று. திரும்பி வரும்போது பாலத்து ஏற்றத்தில் உன் இடது கை என் முதுகில் இருந்தது. பாலம் இறங்கியதும், "போ, முன்னாடி போ. சவால் விட்டவன் நீதானே" என்று விட்டுக் கொடுத்தாய். நான் போனேன். போய், அதைச் சொன்னேன். பின்னால் வந்த நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"மூச்சு வாங்கிச்சு மாமா," என்றேன். "எனக்கு."

மாமா என்னையே பார்த்தார். முழுசாகச் சொன்னேன். இட்லியைக்கூட விடவில்லை.

"பத்தொம்பதாம் வாய்ப்பாடா சொன்னான்?"

"ஆமா மாமா."

"அது அவனுக்குப் பத்தொம்பதேழுக்கு மேல வராதே. எத்தனை நாள் முட்டிண்டிருக்கேன் நான்."

"அன்னிக்கு வந்துச்சு மாமா. பத்தொன்பதெட்டு நூத்தி ஐம்பத்திரண்டு. என் தலைமாட்டுல நின்னு சொன்னான்."

மாமா சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, "பின் டயர்ல காத்து இல்லை பாரு" என்றார். பம்பை எடுத்தேன். கட்டைவிரல் அமுங்காதவரை அடித்தேன். இரும்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அங்கிருந்து கீழச் சித்திரை வீதிக்கு, என் வீட்டுக்கு, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பதினாறேழில் எனக்கு மூச்சு முட்டியது. தணித்துக்கொண்டேன்.

எதிர்காற்று பலம் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் காற்று முதுகுப் பக்கம்தான் இருந்தது.