பிரைமரிக்குள் கார் ஆயில்

மச்சான்,

காலையில் உங்கள் அம்மாவைப் பின்னால் வைத்துக் குமுளி மலை ஏறும்போது, மூன்றாவது வளைவில் புல்லட் இன்ஜின் அலறியது. வண்டியோ பின்னால் உருண்டது. பிரேக்கை அழுத்திக்கொண்டே கத்தினேன். மாமி குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

"கிளட்ச்ச பாதி பிடிச்சே ஓட்டி நீதான் பிளேட்டத் தேச்சுட்ட" என்று இத்தனை நாளாக ஏசினீர்களே. வண்டியை மினி லாரியில் ஏற்றிக் கம்பம் கொண்டுவந்தோம். மெக்கானிக் பால்பாண்டி அண்ணன் கழற்றிப் பார்த்தார். பிளேட் தேயவே இல்லை. கிளட்ச் இருக்கிற பிரைமரி கவருக்குள் கார் ஆயில். அந்த ஆயிலின் வழவழப்பில் பிளேட் பிடிக்காமல் வழுக்கத்தானே செய்யும்?

"எம்மகன்தான் ஊத்துனான். வெல கூடுன ஆயிலு, மருமக வண்டி சுகமா ஓடட்டும்னு" என்றார்கள் மாமி.

பிளேட்டைக் கழுவி, பைக் ஆயிலே ஊற்றியாச்சு. சாவி ஃப்ரிட்ஜ் மேல். மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். நாங்கள் பஸ்ஸில் குமுளி போகிறோம்.

மிஸ்பா

சாயந்தரம் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். மாமி பஸ்ஸில்தான் திரும்புவார்களாம். நான் உங்கள் பின்னால் உட்காருகிறேன்.

அந்தக் கல் வளைவோரம் கிடக்கும். நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.